உருவமில்லாத இறைவனிடம் அன்பு பிறப்பது எங்ஙனம்?

அந்திவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் வைத்திருந்த ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன். உருவ வழிபாட்டைக் குறை கூறும் நோக்கம் எனக்குச் சிறிதும் இல்லை; அந்த வழிபாட்டில்தான் வளர்ந்தேன். ஆனால் கேனோபநிடதத்தைப் படித்த நாள் முதல் என் பூசை பழையபடி அமையவில்லை. வாக்கினால் உரைக்கப்படாதது எதுவோ, வாக்கே எதனால் எழுகிறதோ, அதுவே பிரம்மம் என்று அறிவாய், இங்கே இதுவென்று வழிபடப்படுவது அன்று என்று தொடங்கும் அவ்வுபநிடதம், அடுத்து மனம், கண், செவி, மூச்சு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அந்த மறுப்பை ஐந்து முறை திருப்பிச் சொல்கிறது. முதல் முறை படித்தபோது அது தத்துவக் கூற்றாகத் தோன்றியது. ஐந்தாம் முறை வந்தபோது, என் முன்னால் இருந்த படத்தின்மேல் யாரோ திரையை இழுத்துவிட்டதைப் போல் ஆகிவிட்டது.

அதன்பின் பூசையை நிறுத்திவிட்டுக் கண்மூடி அமரத் தொடங்கினேன். இரண்டு இடர்ப்பாடுகள் எழுந்தன. உருவமற்றது என்று எதை நினைத்தாலும் அது ஓர் உருவமாகவே வந்து நிற்கிறது. ஒளியாக, வானமாக, எல்லையற்ற கடலாக ஏதோ ஒன்று தென்படுகிறது. ஒளிக்கு நிறம் இருக்கிறது, வானத்துக்கு அகலம் இருக்கிறது. ஆக, ஒரு சிலையை விலக்கிவிட்டு அதைவிட மங்கலான வேறொரு சிலையை வைத்துக்கொண்டேனோ என்று தோன்றுகிறது. இது முதல் இடர்ப்பாடு. இரண்டாவதுதான் என்னை உண்மையாகவே வருத்துகிறது. அந்தக் கற்பனைகளும் அடங்கிய சில பொழுதுகளில் ஓர் அமைதி கிட்டுகிறது. ஆனால் அந்த அமைதியில் அன்பு இல்லை. நன்றி சொல்ல ஆளில்லை, அழுது முறையிட ஆளில்லை. முன்பு பூசையில் கண்ணீர் வந்த நாட்கள் உண்டு. இப்போது வருவது ஓய்வு மட்டுமே.

கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், அவ்வியக்தத்தில், அதாவது புலன்களுக்கு வெளிப்படாததில், மனம் வைத்தவர்களுக்குத் துன்பம் மிகுதி, உடலெடுத்தோர்க்கு அந்நெறி கடினம் என்று கண்ணன் சொல்வதையும் அறிவேன். அது என் போன்றோருக்கான எச்சரிக்கைதானா? உருவமற்ற பரம்பொருளிடம் பக்தி என்பது நம் மரபில் மெய்யாகவே உள்ள ஒரு நெறியா, அல்லது பக்தி என்றாலே உருவத்துக்கு உரியது, அருவம் ஞானத்துக்கு மட்டுமே உரியது என்று பிரித்துக்கொள்ள வேண்டுமா? எல்லாம் ஒன்றுதான், உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்ற மறுமொழியைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டுகிறேன். அதை நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சித்தாந்த மாணவன் எழுதியது:

அன்புடையீர், நல்ல கேள்வி. நான் சைவ சித்தாந்தத்தைக் கற்று வருபவன். அந்த நிலையிலிருந்து மட்டுமே பேசுகிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு சொற்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அருவம் என்பது வடிவின்மை. நிர்க்குணம் என்பது குணமின்மை. வடமொழி வேதாந்த நூல்களைத் தமிழில் படிக்கும்போது இவ்விரண்டும் ஒரே பொருளைத் தருவனபோல் ஆகிவிடுகின்றன. சித்தாந்தத்தில் நிர்க்குணம் என்பதற்குச் சத்துவம், இராசதம், தாமதம் என்னும் மாயையின் முக்குணங்கள் இறைவனுக்கு இல்லை என்பதே பொருள். அவனுக்கே உரிய குணங்கள் எட்டு உண்டு. 'எண்குணத்தான்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் சைவாகமத்தை ஒட்டி அந்த எட்டையும் எடுத்துரைக்கும்போது, முற்றும் உணர்தல், வரம்பிலின்பமுடைமை ஆகியவற்றோடு பேரருளுடைமையையும் சேர்த்தே சொல்கிறார். உருவம் இல்லை என்பதால் அருள் இல்லாமற் போகாது. அன்பு செய்வதற்குக் கண்ணால் காணும் வடிவம் வேண்டும் என்பது கட்டாயமன்று. எதிரில் இருப்பது நம்மை அறிகிறது, நமக்கு இரங்குகிறது என்ற உறுதி வேண்டும். உங்கள் தியானத்தில் விடுபட்டுப்போனது உருவமன்று, இந்த உறுதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, அருவம் உருவத்தைவிட உயர்ந்தது என்ற எண்ணம். இதைச் சித்தாந்தம் ஏற்பதில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இறைவன் கொள்ளும் திருமேனிகளை ஒன்பதாக வகுக்கிறார். சிவம், சத்தி, நாதம், விந்து என்ற நான்கும் அருவம். மகேசுவரன், உருத்திரன், மால், அயன் என்ற நான்கும் உருவம். இடையில் நிற்கும் சதாசிவம் அருவுருவம். இந்த ஒன்பதையும் 'ஏக நாதனே நடிப்பன்' என்கிறார். 'நடிப்பன்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உருவம் எப்படி அவன் உயிர்களின்பொருட்டுக் கொண்ட கோலமோ, அப்படியே அருவமும் அவன் கொண்ட கோலம். இரண்டும் உயிர்களின்பொருட்டு அவன் கொள்ளும் தடத்த நிலையே. அவனுடைய தன்னியல்பான சொரூப நிலை இரண்டையும் கடந்தது. உமாபதி சிவம் இன்னும் சுருக்கமாகச் சொல்கிறார்: 'அருவும் உருவும் அறிஞர்க் கறிவாம் உருவும் உடையான் உளன்.' நீங்கள் உருவத்தை விட்டு அருவத்துக்கு வந்தபோது படி ஏறிவிட்டதாக எண்ணியிருந்தால், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வந்திருக்கிறீர்கள், அவ்வளவே.

உங்கள் முதல் இடர்ப்பாடு உங்களுடைய குறைபாடே அன்று. மெய்கண்டார் எழுதிய சிவஞான போதத்தின் ஆறாம் சூத்திரம் இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. நம் அறிவால் சுட்டி உணரப்படுவது எதுவோ அது அசத்து, அதாவது நிலையற்றது. எவ்வகையாலும் உணரப்படாதது என்றால் அது இல்பொருளாகிவிடும். ஆகவே இறைவன் இவ்விரண்டு வகையும் அல்லாத சிவசத்து. ஒளி, வானம், கடல் என்று நீங்கள் சுட்டியவை எல்லாம் உங்கள் அறிவு பிடித்தவை. ஆதலால் அவை அவன் அல்ல. அவற்றை விலக்கியபின் மிஞ்சிய வெறுமையையும் 'இதுதான்' என்று நீங்கள் பிடித்தால், அதுவும் அவன் அன்று. அப்படியானால் அவனை அறியும் வழிதான் என்ன? அப்பர் ஆறாம் திருமுறையில் விடை சொல்கிறார். 'அவனருளே கண்ணாகக் காணின் அல்லால் இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்றெழுதிக் காட்டொணாதே.' எழுதிக் காட்ட முடியாதது என்று சொல்லும் அதே பாட்டிலேயே, கச்சி மயானத்தான் என்று ஊரையும் வார்சடையான் என்று கோலத்தையும் அவர் சொல்லிவிடுகிறார். இதை முரண்பாடாக அவர் கருதியதாகத் தெரியவில்லை.

சிதம்பரத்துக்குச் சென்றவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். ஒரே சிற்சபையில் ஆடும் கூத்தன் உருவமாகவும், படிகலிங்கம் அருவுருவமாகவும், இரகசியம் அருவமாகவும் இருக்கின்றன. திரையை விலக்கினால் பொன் வில்வமாலைகள் தொங்கும் வெளி மட்டுமே தெரிகிறது. வெறும் வெளியைக் காட்டுவதற்கும் ஒரு மாலை தேவைப்படுகிறது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மாலை இல்லாவிட்டால் அங்கே சுவர்தான் தெரியும்.

பக்தி அருவத்துக்கு உரியதா என்று கேட்டீர்கள். மணிவாசகர் திருத்தெள்ளேணத்தில் 'ஒருநாமம் ஓருருவம் ஒன்றுமிலாற் காயிரம் திருநாமம் பாடிநாம் தெள்ளேணங் கொட்டாமோ' என்கிறார். பெயரும் வடிவும் ஒன்றுகூட இல்லை என்பதை நன்கு அறிந்த பிறகு அவர் எடுத்த முடிவு வாய்மூடி இருப்பது அன்று. ஆயிரம் பெயர் சொல்லிப் பாடிக் கைகொட்டுவது. ஒரு பெயர் உரியதாக இருந்திருந்தால் அந்த ஒன்றோடு நின்றிருக்கலாம். ஒன்றும் இல்லாததனால்தான் ஆயிரமும் பொருந்துகின்றன.

திருவாய்மொழி அடியேன் எழுதியது:

மேலே எழுதியவர் கூறியவற்றுள் பாதியை அடியேன் ஏற்கிறேன். மீதிப் பாதியில் வேறுபடுகிறேன். அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

கேள்வி கேட்டவர் தமக்கு அன்பு வரவில்லை என்கிறார். வராது என்றுதான் எங்கள் ஆசாரியர்களும் சொல்வார்கள். இராமானுசர் நிர்க்குணம் என்னும் சொல்லுக்குத் தாழ்ந்த குணங்கள் ஏதும் இல்லாதவன் என்றே பொருள் கொண்டார். நற்குணங்களுக்கோ எண்ணிக்கை இல்லை. எளிமை, கலந்து பழகுதல், குற்றத்தையும் குணமாகக் கொள்ளும் வாத்சல்யம் ஆகியவை இல்லாத ஒன்றை வியக்கலாம், ஆராயலாம். அதனிடம் போய் ஒட்டிக்கொள்ள முடியுமா? தேவரீர் கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அக்ஷரம் (அழிவற்றது), அவ்வியக்தம் என்று சொல்லப்படுவது உருவமற்ற பரம்பொருள் என்று பலரும் கொள்கிறார்கள். இராமானுசர் உரைப்படி அது உடலினின்றும் வேறான தனி ஆத்மாவைக் குறிக்கிறது. தன் ஆத்மாவை மட்டும் நாடி அமர்ந்தவனுக்கு ஓர் அமைதி கிட்டும், ஆனால் பெருமானின் தொடர்பால் வரும் பேரின்பம் கிட்டாது என்பது அதன் கருத்து. தேவரீர் எழுதிய அனுபவம் இந்த உரையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயர்பாடியில் நடந்த கதையும் நினைவுக்கு வருகிறது. கண்ணனைப் பிரிந்து வாடிய கோபியரிடம் அவன் தோழர் உத்தவர் வந்து நிர்க்குண பிரம்மத்தைத் தியானிக்கச் சொல்கிறார். சூர்தாசர் பாடிய பதங்களில் அந்தப் பெண்கள் அவரைத் திருப்பிக் கேட்கிறார்கள்: அந்த நிர்க்குணன் எந்த ஊர்க்காரன்? அவனைப் பெற்ற தாய் யார், தந்தை யார்? அவன் நிறம் என்ன, அவனுக்கு எது பிடிக்கும்? உத்தவரிடம் விடை இல்லை. இது வெறும் கேலியன்று. அன்பு கேட்கும் கேள்விகளே இவை.

ஆழ்வார்கள் அருவத்தை அறியாதவர்கள் அல்லர். 'உளனெனில் உளனவன் உருவமிவ் வுருவுகள், உளனலன் எனிலவன் அருவமிவ் வருவுகள்' என்று நம்மாழ்வார் முதல் திருவாய்மொழியிலேயே பாடிவிட்டார். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் அவனைத் தப்ப முடியாது என்று நிறுவியவர், அடுத்தடுத்த பதிகங்களில் அவன் வெண்ணெய் உண்டு உரலோடு கட்டுண்டதை நினைத்து உருகுகிறார். பொய்கையாழ்வாரோ 'தமருகந்த தெவ்வுருவம் அவ்வுருவம் தானே' என்றார். அடியார் உகந்த உருவத்தைத் தன் உருவமாக ஏற்றுக்கொள்ள அவனே காத்திருக்கும்போது, தேவரீர் ஏன் அவனுக்கு உருவம் கொடுக்க மறுக்கிறீர்கள் என்பதே அடியேனின் கேள்வி.

மௌனவாசி எழுதியது:

கீதையின் அந்தச் சுலோகத்துக்குச் சங்கரர் எழுதிய உரையையும் அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. 'உடலுடையோர்க்கு' என்ற சொல்லுக்கு அவர் 'உடலில் அபிமானம் உடையோர்க்கு' என்று பொருள் எழுதுகிறார். கடினம் அருவத்தில் இல்லை. நான் இந்த உடல் என்ற பிடிப்பில் இருக்கிறது. இரமணர் உள்ளது நாற்பதின் நான்காம் வெண்பாவில் இதையே கூர்மையாக்கி, 'உருவம்தான் ஆயின் உலகுபரம் அற்றாம்' என்று தொடங்குகிறார். தன்னை ஓர் உருவமாகக் கொண்டிருப்பவனுக்கு உலகமும் பரம்பொருளும் உருவமாகவே தோன்றும். தான் உருவம் அல்லன் என்றால், பிறகு அவற்றின் உருவத்தைக் காண்பவன் யார்? ஆகவே கண்மூடி அமர்ந்து இறைவனிடமிருந்து உருவத்தை அகற்ற முயல்வது வேலையைத் தவறான முனையில் தொடங்குவதாகும். இறைவனுக்கு எந்த உருவத்தையும் நீங்கள் மாட்டிவிடவில்லை, கழற்றுவதற்கு. உங்களுக்குத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படி எழுதிய அதே இரமணர்தான் அருணாசல அக்ஷரமணமாலையில் 108 கண்ணிகளில், அதாவது ஈரடிப் பாடல்களில், ஒரு மலையைக் காதலனாக, தாயாக, திருடனாக அழைத்து முறையிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைப் படித்துவிட்டு அத்துவைதத்தில் பக்திக்கு இடமில்லை என்று சொல்பவர்களை எனக்குப் புரிவதில்லை. அத்துவைத சித்தி எழுதிய மதுசூதன சரசுவதியும் கண்ணனிடம் ஆழ்ந்த பற்றுடையவராகவே இருந்தார்.

இனி, உங்கள் இரண்டாவது இடர்ப்பாடு. நன்றி சொல்ல ஆளில்லை, அழுது முறையிட ஆளில்லை என்று எழுதினீர்கள். அந்த வரியில் இருக்கும் வருத்தத்தை நீங்கள் அந்த அமைதியிலேயே உணர்ந்தீர்கள் அல்லவா? அப்போது, ஆளில்லையே என்று யாரிடம் வருந்தினீர்கள்? அந்தக் கேள்விக்குப் பெயராக, வடிவாக எதையும் விடையாகத் தர முயலாமல், அந்த வருத்தத்தை மட்டும் அதன் போக்கில் விட்டுப் பாருங்கள். தாயுமானவர் செய்தது அதுவே என்று நினைக்கிறேன். 'அங்கிங் கெனாதபடி' என்று தொடங்கி, எங்கும் பிரகாசமாய், ஆனந்த பூர்த்தியாகி, அருளொடு நிறைந்தது எது என்று வினவுகிறார். 'யார்' என்று கேட்கவில்லை, 'எது' என்று கேட்கிறார். ஆனால் அந்த 'எது' அருளொடு நிறைந்திருக்கிறது. அவருடைய பராபரக்கண்ணியில் ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் 'பராபரமே' என்ற விளி வருகிறது. அது எந்த ஊரின் பெயரும் அன்று, எந்தக் கோலத்தின் பெயரும் அன்று; மேலானதற்கும் மேலானதே என்ற அழைப்பு மட்டுமே. 'நெஞ்சகமே கோயில் நினைவே சுகந்தமன்பே மஞ்சனநீர் பூசைகொள்ள வாராய் பராபரமே' என்னும் கண்ணியில் கோயில் இருக்கிறது, நறுமணம் இருக்கிறது, திருமுழுக்கு நீரும் இருக்கிறது. மூர்த்தி மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் 'வாராய்' என்ற ஒரு சொல் இருக்கிறது.

உருவ வழிபாட்டை அவர் வெறுத்து விலகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பூசை செய்யேன் என்று சொல்லும் பாடலில் அவர் காட்டும் காரணம் என்ன? 'பார்க்கின்ற மலரூடு நீயே இருத்தி', ஆதலால் அந்தப் பனிமலரைக் கொய்ய மனம் வரவில்லை என்கிறார். சிலையில் அவன் இல்லை என்பதனால் அவர் கை நிற்கவில்லை; மலரிலும் அவன் இருக்கிறான் என்பதனால் நின்றது. உங்கள் பூசை நின்றது இவற்றுள் எதனால் என்று நீங்களே ஆராய்ந்துகொள்ளுங்கள்.

அந்திவானம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மௌனவாசி ஐயாவின் கடைசிக் கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னால், என்னுடைய பூசை முதற்காரணத்தால்தான் நின்றது. அதை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாக இருக்கிறது. திருவாய்மொழி அடியேன் அவர்கள் சொன்ன கோபியரின் கேள்விகள் என் நெஞ்சைத் தொட்டன. அவை என் கேள்விகளும்தான். ஆனால் உருவம் கொடுக்க நான் மறுக்கவில்லை, ஐயா. கொடுத்தால் அது என் கையிலேயே உதிர்ந்துவிடுகிறது. பழகிய வடிவத்தைப் பார்க்கும்போது அழகு தெரிகிறது, கலை தெரிகிறது, பழைய நினைவு வருகிறது. அழைத்தால் கேட்கும் ஒருவர் அங்கே இருப்பதாகத் தோன்றுவதில்லை. மூடிய கண்களுக்குள் 'நீ' என்று சொல்லும்போது மட்டும் எப்போதாவது அது தோன்றுகிறது.

இப்போது வேறு ஓர் ஐயம். விளி மட்டும் போதும் என்றால் விளியும் ஒரு பெயர்தானே? நாமமும் உருவமும் இரட்டையர் என்றுதான் உபநிடதங்கள் பேசுகின்றன. நாமரூபம் என்றே சேர்த்துச் சொல்கிறோம். உருவத்தைக் கைவிட்டு நாமத்தை வைத்துக்கொள்வது பாதி வேலைதானே?

சாலை விளக்கு எழுதியது:

இந்த ஐயத்தை வடநாட்டு நிர்க்குண பக்தர்கள் நன்கு எதிர்கொண்டிருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் காசியில் வாழ்ந்த நெசவாளர் கபீர் உருவ வழிபாட்டைக் கடுமையாகச் சாடியவர். ஆனால் வாழ்நாள் முழுவதும் இராம், இராம் என்றுதான் சொன்னார். தாம் சொல்லும் இராமன் தசரதன் மகன் அல்லன் என்பதையும் தெளிவாகவே சொன்னார். மறுகரையில் நிற்கும் துளசிதாசரோ தசரதன் மகனையே பரம்பொருளாகப் போற்றியவர். அவரும் தம் இராமகாவியத்தின் தொடக்கத்தில் நிர்க்குணம், சகுணம் என்ற இரண்டையும் பிரம்மத்தின் நிலைகளாக ஏற்றுக்கொண்டு, என் கருத்தில் இவ்விரண்டையும்விட நாமமே பெரிது என்று எழுதுகிறார். எதிரெதிர் நிலைகளில் நிற்கும் இருவரும் நாமத்தில் வந்து சேர்வது தற்செயலாக இருக்க முடியாது.

என் எளிய அறிவுக்கு எட்டிய காரணம் ஒன்று உண்டு. உருவம் நம் முன்னால் நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது, அதனால் அதைச் சுற்றி வரலாம், அதற்கு உரிமை கொண்டாடலாம். பெயரோ சொல்லி முடித்த கணத்தில் மறைந்துவிடுகிறது. மீண்டும் வேண்டுமென்றால் மீண்டும் அழைத்தாக வேண்டும். நிலைத்து நிற்காத அந்த இயல்பினால் அது அருவத்துக்கு நெருக்கமானது. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் ஈசுவரனுக்கு உருவ வருணனை எதுவும் இல்லை. ஓம் என்னும் பிரணவம் அவனைக் குறிக்கும் சொல், அதை உருவேற்றி அதன் பொருளைப் பாவிப்பதே வழி என்று முடித்துவிடுகிறார். பாதி வேலை என்று நீங்கள் சொன்னது சரிதான். அந்தப் பாதியை நாம் வைத்துக்கொள்ளவில்லை என்றால் முழு வேலையைத் தொடங்கவே வழியில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இதுவரை யாரும் தொடாத ஒரு சொல் அதே கீதை அத்தியாயத்தின் நான்காம் சுலோகத்தில் இருக்கிறது. அவ்வியக்தத்தை வழிபடுவோர் எப்படிப்பட்டவர்கள் என்று கண்ணன் சொல்லும்போது, புலன்களை அடக்கியவர்கள், எங்கும் சமமான அறிவுடையவர்கள் என்பவற்றோடு 'எல்லா உயிர்களின் நன்மையிலும் மகிழ்பவர்கள்' என்ற தொடரையும் சேர்க்கிறான். அவர்களும் என்னையே அடைகிறார்கள் என்றும் உறுதி கூறுகிறான். ஐந்தாம் சுலோகத்தின் எச்சரிக்கையை மேற்கோள் காட்டுபவர்கள் இதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். உருவத்தை வழிபடுபவர் தம் அன்பை மலராகவும் நீராகவும் அமுதாகவும் அந்த உருவத்தின் முன் வைத்துவிடலாம். உருவம் இல்லாதவர் அதை எங்கே வைப்பார்? உயிர்களிடம்தான் வைத்தாக வேண்டும். வைக்க இடமில்லாத அன்பு வறண்டுபோகும். நீங்கள் சொல்லும் வறட்சி தியானத்தில் ஏற்பட்ட குறையாக இல்லாமல், தியானம் முடிந்து எழுந்தபின் உள்ள நேரத்தின் குறையாகவும் இருக்கலாம்.

வள்ளலாரின் வாழ்க்கையில் இந்த வரிசை தெளிவாகத் தெரிகிறது. வடலூரில் உருவத் திருமேனி இல்லாமல், ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளியை மட்டும் வைத்த சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது 1872இல். பசித்தவர்க்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையை அவர் தொடங்கியதோ 1867இல். அடுப்பு மூட்டி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆன பிறகுதான் சோதி வழிபாடு வந்தது. வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவருக்கு, அருட்பெருஞ்சோதி என்பது வெறும் ஒளியாக இருந்திருக்க முடியாது. அதனுடன் 'தனிப்பெருங்கருணை' என்பதையும் சேர்த்தே மந்திரமாக்கினார். நீங்கள் கண்மூடும்போது காணும் ஒளிக்கும் அவர் கண்ட ஒளிக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கருணை என்ற சொல்லில் இருக்கிறது போலும்.

கன்னட நாட்டில் 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் செல்வர்கள் உனக்குக் கோயில் கட்டுவார்கள், ஏழை நான் என்ன செய்வேன் என்று கேட்டுவிட்டு, என் கால்களே தூண்கள், உடலே கோயில், தலையே பொற்கலசம் என்றார். நிற்பவை அழியும், இயங்குவதற்கு அழிவில்லை என்று முடித்தார். நம் சிவவாக்கியரோ 'நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்' என்று ஒரே அடியில் முடித்துவிட்டார். கற்சிலைகளைச் சுற்றிவரும் வேலையெல்லாம் இத்தகையோர்க்குத் தேவைப்படவில்லை.

சித்தாந்த மாணவன் எழுதியது:

சாலை விளக்கு அவர்கள் எழுதியதில் கீதைச் சுலோகத்தைப் பற்றிய பகுதி எனக்குப் புதிய வெளிச்சம் தந்தது; நன்றி. கடைசி வாக்கியத்தை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. சிவவாக்கியரின் அந்தப் பாடலை எல்லாரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த அடியில் 'சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ' என்று கேட்கிறார். சட்டியும் அகப்பையும் கறிக்குள்ளேயே கிடக்கின்றன, ஆனால் சுவை அவற்றுக்குத் தெரிவதில்லை. அங்கே குறை கறியில் இல்லை, அகப்பையில் இருக்கிறது. கல்லைச் சுற்றுபவன் அகப்பையாக இருக்கலாம் என்பது போலவே, கண்மூடி அமர்ந்திருப்பவனும் அகப்பையாக இருக்கலாம். சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியும் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் 'அரன் எனத் தொழுமே' என்றுதான் முடிகிறது. அருவத்தை உணர்ந்தவனுக்குக் கோயில் தேவையில்லாமல் போகிறது என்று மெய்கண்டார் எழுதவில்லை. அவன்தான் கோயிலை உள்ளபடி தொழுகிறான் என்று எழுதினார்.

திருவாய்மொழி அடியேன் எழுதியது:

பன்னிரண்டாம் சூத்திரத்தை எடுத்துக்காட்டியதில் அடியேனுக்கு மகிழ்ச்சி. 'நீ' என்று சொல்லும்போது கேட்கும் ஒருவர் இருப்பதாகத் தோன்றுகிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்பவன் என்றால் அவனுக்குக் கேட்கும் குணம் இருக்கிறது என்று பொருள். தேவரீர் அறியாமலே அவனுக்கு ஒரு கல்யாண குணத்தை, அதாவது நற்குணத்தை, கொடுத்துவிட்டீர்கள். இனி மற்றவை ஒவ்வொன்றாக வரும். நிர்க்குணம் என்ற சொல்லை எவ்வளவு நாள் காப்பாற்றுகிறீர்கள் என்று பார்க்கிறேன். இதை அன்போடுதான் சொல்கிறேன்.

அந்திவானம் எழுதியது:

ஐயா, அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. முதல் மறுமொழியிலேயே அது பாதி போய்விட்டது.

இந்த உரையாடல் தொடங்கியபின் கடந்த சில நாட்களாகத் தியானத்தில் எதையும் விலக்க முயலவில்லை. ஒளி வந்தால் ஒளி, வானம் வந்தால் வானம் என்று விட்டுவிட்டு, 'வாராய் பராபரமே' என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒன்றும் நிகழவில்லை. மறுநாள் சொல்லிக்கொண்டே இருந்தபோது, இதுவரை நான் அமர்ந்திருந்ததெல்லாம் உருவமற்றதைப் பார்ப்பதற்காகவே என்பது உறைத்தது. பார்ப்பதற்கு உருவம் வேண்டும். அது இல்லாததைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தேன். அழைப்பதற்கு அது வேண்டியிருக்கவில்லை. கண்ணீர் வரவில்லை. வெறும் ஓய்வாகவும் அது இல்லை.

மௌனவாசி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 'பராபரமே' என்ற விளி ஏறத்தாழ நானூறு கண்ணிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றை வரிசையாகப் படிப்பது நல்லதா, ஒரே கண்ணியில் பல நாட்கள் நிற்பது நல்லதா?

மௌனவாசி எழுதியது:

நிற்க முடிகிற கண்ணியில் நில்லுங்கள். அது உங்களை விட்டுவிட்டால் அடுத்ததற்குச் செல்லுங்கள்.